கதை அனுப்பினா பதிலே வரலையே, என்ன பண்றது?

வேலூர்ல இருந்து பத்திரிகைகளுக்கு சிறுகதை எழுதி அனுப்புறேன், ஒரு பதிலும் வர மாட்டேங்குதுன்னு கேட்டிருக்கீங்க. நானும் காட்பாடிதான், ரெண்டு வருஷம் இதே புலம்பல்தான் எனக்கும்.

என் முதல் கதை "வேலூரில் வெயில் கொளுத்தியது"ன்னு ஆரம்பிக்கும், அது யாருக்குத்தான் தெரியாது சொல்லுங்க. அப்புறம் ஒருநாள் நேதாஜி மார்க்கெட்ல ஒரு அம்மா கொத்தமல்லிக் கட்டு மேல ஈரச்சாக்கைப் போட்டுட்டு, பத்து நிமிஷத்துல அது காஞ்சதும் மறுபடி தண்ணி தெளிச்சாங்க, அதை அப்படியே எழுதி வெயில்ங்கிற வார்த்தையையே தூக்கிட்டேன், கதை தானா நிமிர்ந்துச்சு. பேச்சும் அப்படித்தான், நம்ம ஊர்ல "இன்னா, எங்க கீற"ன்னு கேக்கறவர் கதைல மட்டும் "எங்கே இருக்கிறீர்கள்"னு கேட்டா செயற்கையா இருக்கும். எழுதினதை ஒரு வாரம் மூடி வெச்சுட்டு அப்புறம் சத்தமா படிங்க, நாக்கு தடுக்குற இடத்துல வெட்டுங்க.

அனுப்பும்போது எல்லா கம்ப்யூட்டர்லயும் தமிழ் சரியா தெரியுற யூனிகோட் முறையில டைப் பண்ணுங்க, பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல அனுப்பினா அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல வெறும் கிறுக்கலாதான் தெரியும். ஒரே கதையை ஒரே நேரத்துல நாலு பத்திரிகைக்கு அனுப்பாதீங்க, ரெண்டு பேர் போட்டுட்டா சங்கடம்.

புத்தகமா போடணும்னா, காசு கேக்குற பதிப்பகம்னா எத்தனை காப்பி, விக்கிறதுல உங்க பங்கான ராயல்டி எவ்ளோன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் நம்பரை நம்ம நாட்ல அரசாங்கமே இலவசமா தருது, அதுக்குன்னு தனியா ஆயிரக்கணக்குல கேட்டா (என்கிட்ட கேட்டாங்க!) குடுக்காதீங்க. அமேசானோட கிண்டில்ல நீங்களே தமிழ்ல இ-புக் போடலாம், அதுக்கு ஐஎஸ்பிஎன்னே தேவையில்ல.