ஒன்பதாம் வகுப்புக் கட்டணம்: வசூலிக்குமுன் இதைப் பாருங்கள்

வணக்கம். சென்னையில் உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகள் தனியார் பள்ளியில் இலவச இடத்தில் எட்டாவது முடித்துவிட்டாள், ஒன்பதாவதுக்கு அதே பள்ளி 48,000 ரூபாய் கேட்கிறது, நண்பர்களிடம் வசூலிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் தரும் 25 சதவீத இலவச இடம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. இந்த வருடம் கட்டிவிடலாம், அடுத்த மூன்று வருடம்?

அரசு அல்லது மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியில் அவளைச் சேர்த்துவிடுங்கள். ஆங்கில வழி வகுப்பும் பல இடங்களில் உண்டு. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: இலவச இடத்தில் படித்த பிள்ளை 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் தகுதி உண்டு. இலவச இடத்துக்கான சான்றை டிசியோடு மறக்காமல் வாங்கிவிடுங்கள். கட்டண பாக்கியைக் காட்டி டிசியை நிறுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சரி, வசூலாகும் பணத்தை மாலை டியூஷனுக்குக் கொடுங்கள். என்னிடம் படிக்க வரும் ஒரு பெண்ணின் வீடு ஒரே அறை. அண்ணன் நைட் ஷிப்ட், பகலில் தூங்குவான். அவள் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துதான் கணக்குப் போடுகிறாள். உட்கார்ந்து படிக்க அப்படி ஒரு இடம்தான் முதலில் வேண்டும்.

அப்புறம், அந்த அக்காவிடம் பேசும்போது மகளையும் உட்கார வையுங்கள். தோழிகளைப் பிரிவது அவளுக்குப் பெரிய வலி. புதுப் பள்ளிக்குப் போகும் அதே தெருப் பெண் ஒருத்தியோடு முதல் நாள் அனுப்புங்கள்.