3டி கண்ணாடியைப் போட்டாலும் படம் இரண்டாகத் தெரிகிறது, கண்ணும் கூசுகிறது. எங்கே பிழை?

புதுக்குடியிருப்பிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கனடாவிலுள்ள மாமா அனுப்பிய பழைய 3டி மொனிட்டர், கண்ணாடி, அதனோடு வரும் சிறிய அகச்சிவப்புப் பெட்டி ஆகியவற்றை என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினியில் பொருத்தியிருக்கிறீர்கள். படம் இரண்டாகத் தெரிகிறது, சில வேளைகளில் கண் கூசும்படி துடிக்கிறது, விண்டோஸை இரண்டு தரம் புதிதாகப் போட்டும் பயனில்லை என்கிறீர்கள். மூன்றாம் தரம் போடாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. கிளிநொச்சியில் இதே வகைத் தொகுதியை வைத்து ஏறக்குறைய ஒரு மாதம் அல்லாடியவன் நான். ஒரு கடையில் இரண்டு தரம் காசு கொடுத்து விண்டோஸ் போட்ட பிறகுதான், பிழை கணினிக்கு வெளியே இருந்தது எனக்குத் தெரியவந்தது.

இந்த மொனிட்டர் விநாடிக்கு 120 படங்களை இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என மாறி மாறிக் காட்டுகிறது. அகச்சிவப்புப் பெட்டி அனுப்பும் சைகைக்கு ஏற்பக் கண்ணாடியின் இரண்டு வில்லைகளும் மாறி மாறி இருண்டு திறக்கின்றன. ஆகவே பரிசோதனையை ஒற்றைக் கண்ணோடு தொடங்குங்கள். 3டி ஓடும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடுங்கள். அந்த ஒரு கண்ணுக்கே படம் இரண்டாகத் தெரிந்தால், வில்லை இயங்கவில்லை அல்லது மொனிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே ஒரே படம் தெளிவாகத் தெரிந்து, இரண்டு கண்களையும் திறந்ததும் மட்டும் இரண்டாகப் பிரிந்தால், கருவியில் பிழையில்லை; ஆழம் அளவுக்கு மீறிக் கூட்டப்பட்டிருக்கிறது. பெட்டியின் பின்புறமுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி அதைக் குறைத்தால் போதும்.

முதல் வகைப் பிழையென்றால், கண்ணாடியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்த கையோடு, விண்டோஸின் திரை அமைப்பில் 120 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 120 படம்) என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். 60 மட்டுமே இருந்தால் கேபிளைக் கழற்றி அதன் முனையை வெளிச்சத்தில் பிடியுங்கள். டி.வி.ஐ. (மொனிட்டரைக் கணினியோடு இணைக்கும் ஒருவகை இணைப்பு) முனையில் ஊசிகள் மூன்று வரிசையாக, இடைவெளியின்றி எட்டு எட்டாக மொத்தம் 24 இருக்க வேண்டும். நடுவில் ஆறு ஊசிகளுக்கான இடம் வெறுமையாக இருந்தால் அது ஒற்றை இணைப்புக் கேபிள். 1920க்கு 1080 அளவில் 120 ஹேர்ட்ஸை அதனால் கொண்டுபோக முடியாது. என்னிடம் இருந்ததும் அந்த வெறுமையான கேபிள்தான். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டி.வி.ஐ.க்கு மாற்றும் மலிவான முனைகளும் ஒற்றை இணைப்பையே தருகின்றன என்பதால் அவற்றை நம்ப வேண்டாம்.

120 இருந்தும், என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் 3டி பற்றிய பகுதியே காணப்படாவிட்டால் காரணம் டிரைவர், அதாவது கார்ட்டை விண்டோஸோடு இயங்கவைக்கும் மென்பொருள். 3டி விஷன் என்ற இந்தத் தொழில்நுட்பத்துக்கான ஆதரவை என்விடியா 2019 ஏப்ரலுடன் நிறுத்திவிட்டது, 425.31 என்ற டிரைவர்தான் கடைசி. விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் அது இணையத்திலிருந்து புதிய டிரைவரைத் தானாகவே இறக்கிவிடுகிறது என்பதால், நீங்கள் திருத்தம் என்று நினைத்துச் செய்த வேலையே 3டியை இல்லாமற் செய்திருக்கவும் கூடும். புதிய டிரைவரை முழுதாக நீக்கி 425.31ஐப் போடுங்கள், போடும்போது இணைய இணைப்பைத் துண்டித்து வையுங்கள். கார்ட் ஆர்.டி.எக்ஸ். 30 வரிசையையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்ததாக இருந்தால் இந்த டிரைவர் அதை ஏற்காது. அப்படியானால் பழைய கார்ட் ஒன்றைத் தேடுவதே வழி.

இனிக் கண் கூசும் துடிப்பு. எனக்கு அதிக நாட்களைத் தின்றது இதுதான். கேபிளையும் டிரைவரையும் சரிசெய்த பிறகும், கண்ணாடியைப் போட்டால் அறை முழுவதும் நடுங்குவது போலிருந்தது. அரை மணித்தியாலத்தில் தலையிடி வந்துவிடும். ஒருநாள் இரவு விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ரியூப் லைட் அணைந்தது, கணினி மட்டும் யூ.பி.எஸ்.ஸில் ஓடியது. அந்தக் கணமே துடிப்பு நின்று, படம் குளத்து நீர்போல அசையாமல் இருந்தது. யூ.பி.எஸ். கத்திய அந்த நாலைந்து நிமிடங்களில்தான் முதன்முதலாக அந்த மொனிட்டரில் ஒழுங்காக 3டி பார்த்தேன்.

விளக்கம் எளிது. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; சோக் வைத்த பழைய ரியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கிறது. வெறும் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் 120க்கு ஏற்ப இயங்கும் வில்லை வழியாகப் பார்க்கும்போது இரண்டுக்குமிடையிலான 20 என்ற வித்தியாசம் துடிப்பாகக் கண்ணில் விழுகிறது. மின்சாரம் 60 ஹேர்ட்ஸாக உள்ள கனடாவில் ரியூப் லைட் 120 தடவை ஒளிர்வதால், மாமாவின் வீட்டில் இந்தத் தொல்லை தெரியாமலே இருந்திருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். இருட்டில் இருக்க விருப்பமில்லையென்றால் மொனிட்டரை 100 ஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். துடிப்பு பெருமளவு அடங்கும். மலிவான எல்.ஈ.டி. குமிழ்கள் சிலவும் இதே மாதிரித்தான் ஒளிர்கின்றன. ஜெனரேட்டரில் ஓடும் வீட்டில் 100ஐயும் நம்ப முடியாது, ஏனெனில் அதன் வேகம் ஒரே நிலையில் நிற்பதில்லை.

பகலில் மட்டும் 3டி விட்டு விட்டு வந்தால் வெயிலைச் சந்தேகியுங்கள். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய இருப்பதால், திறந்த கதவுக்கு எதிரே வைத்த பெட்டியின் சைகை கண்ணாடிக்குச் சரியாகக் கிடைக்காமற் போகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பொருளுக்குப் பக்கத்தில் மங்கலான நிழல் தெரிவது பழைய மொனிட்டர்களின் இயல்பு; கொன்ட்ராஸ்டைக் குறைத்தால் குறையும், முற்றாக மறையாது. பாயில் சரிந்து படுத்துக்கொண்டு பார்க்க முயலாதீர்கள், தலை சரியச் சரிய வில்லை இருண்டுகொண்டே போகும். எல்லாம் சரியாக இருந்தும் உங்களுக்கு ஆழம் தெரியாவிட்டால், வீட்டில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரு கண்களின் படங்களையும் இணைத்து ஆழத்தை உணர முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

இன்றிரவு ரியூப் லைட்டை அணைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, அந்தக் கண்ணுக்கு எத்தனை படம் தெரிந்தது என்பதையும், திரை அமைப்பில் 120 இருந்ததா என்பதையும், கார்ட்டின் இலக்கத்தையும் எழுதுங்கள்.