உப்பில்லா விரதமும் லித்தியமும்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு இருமுனைக் கோளாறு, மனம் ஒரு காலம் வெறியாக எழும்பும், ஒரு காலம் சோர்ந்து விழும். நாலு வருடமாக அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்கும் ஒழுங்காகப் போகிறான். இந்தத் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலையில் காவடி எடுப்பதாக வேண்டுதல். 48 நாள் உப்பில்லாமல் விரதம் இருக்கப் போகிறானாம். "பேட்டரியில் போடுகிற சரக்கை எதற்கு வயிற்றில் போடுகிறாய்? முருகன் பார்த்துக்கொள்வான், மாத்திரையை நிறுத்து" என்கிறார் பெரியப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது.

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

பயப்பட வேண்டிய விஷயம்தான். பெரியப்பா பேச்சு எவ்வளவு கவலை தருகிறதோ, உப்பில்லா விரதமும் எனக்கு அவ்வளவு கவலை தருகிறது.

பேட்டரிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். லித்தியம் அயான் பேட்டரி கடைக்கு வந்தது 1991இல். மனநோய்க்கு லித்தியம் பலன் தருகிறது என்று ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் எழுதியது 1949இல். அவர் போர்க்காலத்தில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் மூன்றரை வருடம் கைதியாக இருந்தவர். நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் லித்தியத்தைத் தானே விழுங்கிப் பார்த்தார். அவருடைய முதல் நோயாளி ஐந்து வருடமாக வெறிநிலையில் கிடந்தவர். சில மாதத்தில் குணமாகி வீட்டுக்குப் போனார். அங்கே மாத்திரையை விட்டார், நோய் திரும்பியது. மறுபடி கொடுத்தார்கள். 1950இல் லித்தியம் உடம்பில் அதிகமாகிப் போய் இறந்தார். அப்போது ரத்தத்தில் அளந்து பார்த்துக் கொடுக்கும் வழக்கம் இல்லை. உங்கள் தம்பிக்கு அது இருக்கிறது.

லித்தியம், உப்பில் இருக்கிற சோடியத்துக்கு உறவுக்காரன். சிறுநீரகத்துக்கு இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் இருக்கிற சோடியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதே மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறும். வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் இதையே செய்யும். காவடி தூக்கி வெயிலில் நடந்து மலைப்படி ஏறுகிறவருக்கு எவ்வளவு வியர்க்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பொதுவாக ரத்தத்தில் லித்தியத்தை லிட்டருக்கு 0.6இலிருந்து 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. இடைவெளி அவ்வளவு சின்னது.

என் அக்கா இருபது வருடத்துக்கு மேல் லித்தியம் சாப்பிட்டார். நீல அட்டை நோட்டு ஒன்றில் ஒவ்வொரு பரிசோதனையையும் எழுதி வைப்பார்: 0.7, 0.8, 0.7. ஒரு தடவை முட்டிவலிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். லித்தியம் பற்றி அவர்களும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலை கோப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் பாதி மேசையில் சிந்தியது. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் 1.9. இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிலவும், ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் லித்தியத்தை ஏற்றிவிடும் என்று அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். அப்புறமும் லித்தியத்தை விடவில்லை. லித்தியம் தொடங்குவதற்கு முந்தைய வருடங்களை நான் பார்த்தவன், அவர் விடாததற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

பின்விளைவு இல்லாத மருந்து இல்லை. தாகம், கை நடுக்கம், தைராய்டு குறைவது, வருடக்கணக்கில் சிறுநீரகம் தளர்வது எல்லாம் உண்டு. அதற்காகத்தான் பரிசோதனை. ஆனால் தற்கொலையைக் குறைக்கும் என்று இவ்வளவு நாளாகச் சான்று சேர்ந்திருக்கிற மனநோய் மருந்து வேறு அதிகம் இல்லை. திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்.

தம்பியின் வேண்டுதலை யாரும் தட்டிக் கழிக்க வேண்டாம், அது அவருடைய நெஞ்சில் இருப்பது. சைவச் சாப்பாடு, வழக்கமான உப்போடு. காவடிக்குப் பதில் பால்குடம் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எதுவானாலும் விரதம் தொடங்கும் முன் அவருடைய டாக்டரைப் பாருங்கள், நடுவிலும் ஒரு முறை ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும், அன்று காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு. நடக்கும்போது தண்ணீர் பாட்டிலோடு நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். கை வழக்கத்தைவிட நடுங்கினாலோ, வாந்தி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், லித்தியம் சாப்பிடுகிறவர் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பெரியப்பாவையும் ஒரு நாள் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.