8 ஜிபி ராம் போட்டும் 3.25 ஜிபிதானா?

கேள்வி: என் பழைய மேசைக் கணினியில் 4 ஜிபி ராம் இருந்தது. கடைக்காரர் சொன்னதை நம்பி இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போட்டேன். விண்டோஸ் 10, 'நிறுவப்பட்டது 8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 3.25 ஜிபி' என்று காட்டுகிறது. புதிய ராம் பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: ராம் பழுது என்று தோன்றவில்லை. 8 ஜிபி நிறுவப்பட்டிருப்பதாகக் கணினியே சொல்வதால், மதர்போர்டு இரண்டையும் கண்டுகொண்டுவிட்டது. நீங்கள் குறிப்பிடும் அளவைப் பார்த்தால், உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ்.

நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் கதவிலக்கம் போல ஒரு முகவரி வேண்டும். 32 பிட்களைக் கொண்டு 4,29,49,67,296 முகவரிகளையே அமைக்க முடியும். அதுதான் 4 ஜிபி. கிராபிக்ஸ் கார்டு முதலிய சாதனங்களும் இதே முகவரிகளில் தம் பங்கை எடுத்துக்கொள்வதால், ராமுக்கு 3.25 ஜிபி அளவே மிஞ்சுகிறது. 1995-இல் வந்த பென்டியம் புரோ செயலியே 36 பிட் முகவரிகளால் 64 ஜிபி வரை எட்டியது என்றாலும், அந்த உயரத்து முகவரிகளில் சில டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) தடுமாறியதால், வீட்டுக் கணினிகளுக்கான 32 பிட் விண்டோஸை மைக்ரோசாஃப்ட் 4 ஜிபியிலேயே நிறுத்திவைத்தது. 64 பிட் விண்டோஸ் 10 ஹோம் பதிப்போ 128 ஜிபி வரை ஏற்கும்.

ஆகவே, பழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க இயலாது. ஆனால் எந்த விண்டோஸ் என்று கேட்காமலே ராமை விற்றது கடைக்காரரின் தவறு என்றே நான் கருதுகிறேன். அதைச் சொல்லி மாற்றித் தரக் கேட்பதில் பிழையில்லை.

அதற்கு முன், அமைப்புகளில் 'சிஸ்டம்', 'அபௌட்' பகுதியைத் திறந்து பாருங்கள். '32 பிட் இயங்குதளம், எக்ஸ்64 செயலி' என்று இருந்தால், செயலி 64 பிட்டை ஏற்கும் என்று பொருள். அப்போது அதே பதிப்பின் 64 பிட் விண்டோஸைப் புதிய உரிமம் வாங்காமலே நிறுவலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், வங்கிப் பணிகளுக்கும் இதே கணினிதான் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் 64 பிட் லினக்ஸ் இயங்குதளத்தையும் எண்ணிப் பாருங்கள்.

எதை நிறுவினாலும் இருப்பதன் மேலேயே மாற்ற முடியாது. வட்டைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதால், கோப்புகளை முதலில் வெளி வட்டில் நகலெடுத்துவிடுங்கள். உங்கள் அச்சுப்பொறிக்கு 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். பழைய 16 பிட் கணக்கு மென்பொருள் எதையாவது இன்னும் நம்பியிருக்கிறீர்கள் என்றால், 64 பிட் விண்டோஸில் அது இயங்கவே இயங்காது. மாற்று ஏற்பாடு செய்யும்வரை வட்டைத் துடைக்காதீர்கள்.