மகளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் முல்லைத்தீவுக் கோட்டா என்னாகும்?

கேள்வி: ஐயா, நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில், புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். மகள் சாதாரண தரம் எழுதிவிட்டாள். உயர்தரத்தில் உயிரியல் படித்து மருத்துவத்துக்குப் போக விரும்புகிறாள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அண்ணன், தன் வீட்டில் நின்று அங்குள்ள பெரிய பாடசாலையில் படிக்கட்டும் என்கிறார். அனுப்பினால் எங்கள் மாவட்டக் கோட்டா போய்விடுமா? “கோட்டாவில் கம்பஸ் போனவள் என்ற பெயர் நமக்கு வேண்டாம்” என்றும் அண்ணன் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: போய்விடும். மாவட்டத்தைத் தீர்மானிப்பது வீட்டு விலாசம் அல்ல, பாடசாலை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டு காலத்தில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதையே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது. இரண்டு மாவட்டங்களில் படித்திருந்தால், கூடிய காலம் எங்கே என்பதுதான் கணக்கு. சாதாரண தரம் முடிந்த கையோடு யாழ்ப்பாணம் போனால் அந்தக் காலத்தின் பெரும்பகுதி அங்கேதான் கழியும். உங்கள் காணி உறுதியோ கிராம அலுவலரின் கடிதமோ அதை மாற்றாது. கடைசி வருடத்தில் மட்டும் பிள்ளையைப் பின்தங்கிய மாவட்டம் ஒன்றில் கொண்டுவந்து சேர்ப்பவர்களுக்கு எதிரான வேலியும் இதுதான்.

சரி, போவது எவ்வளவு? ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 வீதம், அதாவது 400 இடங்கள், அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்கு மக்கள்தொகை விகிதப்படி பிரியும். எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவின் மக்கள்தொகை ஒரு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. நாடோ இரண்டு கோடியைத் தாண்டியது. அந்த எண்களை வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: 550இல் இரண்டு அல்லது மூன்று இடம். 50இல் அரை இடம். எல்லாம் கூட்டினாலும் மூன்று. அண்ணன் பயப்படும் அந்தப் பெரிய சலுகையின் உண்மையான அளவு இவ்வளவுதான்.

இடம் குறைவு, ஆனால் அந்த மூன்று இடங்களுக்குப் போட்டியிடுபவர்களும் குறைவு. அதனால்தான் முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, வருடத்துக்கு வருடம் துள்ளும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே வருடத்தில் தோற்றினால் ஏறிவிடும். அடுத்த வருடம் இறங்கிவிடும். எனவே ஒரு வருடத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்துக் கனவு காணவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். குறைந்தது ஐந்து வருட வெட்டுப்புள்ளிகளை, முல்லைத்தீவையும் யாழ்ப்பாணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: அந்த 16 மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. கோட்டா என்றால் வெட்கம் என்று சொல்லும் அண்ணனின் மாவட்டமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

கோட்டா யாருக்கும் புள்ளி போடுவதில்லை. 2001 முதல் பயன்படும் இசட் புள்ளி, ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை நாட்டின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதை அளக்கிறது. புதுக்குடியிருப்பில் எழுதினாலும் கொழும்பில் எழுதினாலும் அளவுகோல் ஒன்றே.

அண்ணனின் கசப்பு எனக்குப் புரிகிறது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலத்துக்கு 229 போதும். அது பிள்ளை எழுதிய மொழியைப் பார்த்துப் போட்ட தடை. அதன் காயம் யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்னும் ஆறவில்லை. 1974இல் வந்த மாவட்டக் கோட்டாவையும் மக்கள் தரப்படுத்தல் என்றே அழைத்தார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே, நாம் இருக்கும் வன்னியிலிருந்து பார்த்தால் கதை வேறு. மன்னாரிலும் வவுனியாவிலும் அந்தக் கோட்டா கதவைத் திறந்தது. கிளிநொச்சி 1984 வரை யாழ் மாவட்டத்துக்குள் இருந்ததால், அங்கிருந்த விவசாயியின் பிள்ளை நகரத்துக் கல்லூரிப் பிள்ளையோடு நேருக்கு நேர் மோத வேண்டியிருந்தது. அந்த மொழித் தடையையும் மாவட்டக் கோட்டாவையும் ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமில்லை.

குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கோட்டாவின் கண்ணுக்கு மாவட்டம்தான் தெரியும், அதற்குள் இருக்கும் பள்ளம் தெரியாது. வவுனியா நகரத்துப் பாடசாலையும் நெடுங்கேணிப் பாடசாலையும் அதற்கு ஒன்றே. இது திருத்தப்பட வேண்டியதுதான். அதுவரை இருப்பதை வாங்க மறுப்பதில் மானம் எதுவும் இல்லை.

உங்கள் முடிவுக்கு வருவோம். முதலில் கோட்டாவை மறந்துவிட்டு, ஊரில் நீங்கள் சேர்க்கக்கூடிய பாடசாலையின் அதிபரிடம் போங்கள். இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாரா என்று கேளுங்கள். கடந்த சில வருடங்களில் அங்கே உயிரியல் படித்தவர்களின் பெறுபேறுகளையும் கேளுங்கள். ஆசிரியர் இல்லையென்றால், முல்லைத்தீவுக்குள்ளேயே இன்னொரு பாடசாலையைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் மட்டும் யாழ்ப்பாணம். ஆசிரியர் இல்லாத வகுப்பிலிருந்து எழுதிக் குறைந்த வெட்டுப்புள்ளியையும் தவறவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் இருந்தால் மகள் இங்கேயே படிக்கட்டும். அண்ணனின் வீடு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் ரியூசனுக்குப் பயன்படட்டும். ரியூசன் மாவட்டத்தை மாற்றாது. பெயரை மட்டும் இங்கே பதிந்துவிட்டு வருடம் முழுவதும் அங்கே இருக்கும் தந்திரம் வேண்டாம், வரவுப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். எந்தப் பாடசாலை மாறினாலும் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் சரியாக எழுதிய விடுகைப்பத்திரத்தை அன்றைக்கே வாங்கி வையுங்கள்.