லீசிங் எடுக்க முன்னம் போனில் எதைத் தேடுவது?

கேள்வி: அண்ணா, நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். முத்தையன்கட்டுத் தண்ணீர் பாயும் ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறது. காலபோகத்துக்கு முன்னம் பழைய நாலு சில்லு உழவு இயந்திரம் ஒன்று எடுக்க யோசிக்கிறோம். கையில் இருப்பது போக 12 இலட்சம் லீசிங் போடவேண்டும். முல்லைத்தீவில் ஒரு கொம்பனி, கிளிநொச்சியில் ஒரு கொம்பனி. இரண்டு இடத்திலும் மாதம் 42,500 படி 48 மாதம் என்கிறார்கள். போனில் பெயரைப் போட்டுத் தேடினால் விளம்பரமும் ஐந்து நட்சத்திரமும்தான் வருகிறது. ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை. எதை நம்புவது?

பதில்: தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். 42,500ஐ 48ஆல் பெருக்கினால் 20 இலட்சத்து 40 ஆயிரம். 12 இலட்சத்துக்கு மேல் 8 இலட்சத்து 40 ஆயிரம் கட்டப்போகிறீர்கள். இரண்டு கொம்பனியும் ஒரே தொகை சொல்வதால், எது நல்லது என்பது மழை பிழைத்து இரண்டு தவணை பிந்தும்போதுதான் தெரியவரும். உங்களுக்கு முன்னம் அப்படிப் பிந்தியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைத் தேடிப் பிடிக்கவேண்டும்.

நீங்கள் கொம்பனியின் பெயரை மட்டும் போட்டிருப்பீர்கள். அப்படித் தேடினால் முதலில் காசு கட்டிப் போட்ட விளம்பரம் வரும், அதற்குக் கீழே அவர்களுடைய சொந்தப் பக்கம் வரும். வயிறெரிந்து எழுதுகிற மனுசர் அந்தப் பக்கத்தில் வந்து அழகு தமிழில் முறைப்பாடு எழுதமாட்டார். "மெசினைத் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள்", "சீஸ் பண்ணிட்டாங்கள்" (பறிமுதல் செய்துவிட்டார்கள்), "கட்டி முடிச்சும் புத்தகம் தரேல்ல" (வாகனப் பதிவுப் புத்தகம்) என்றுதான் எழுதுவார். கொம்பனியின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, அதன் பக்கத்தில் இந்தச் சொற்களில் ஒன்றைப் போடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சொல் போதும். சீஸ், பெனால்டி, புத்தகம், ஏமாத்து என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். வேலைவாய்ப்பு அறிவித்தல்களாக வந்து நிறைந்தால், வேலைவாய்ப்பு என்ற சொல்லையும் சேர்த்து, அதற்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டுத் தேடுங்கள், அவை விலகும். கடைசி ஒரு வருடத்தில் வந்ததை மட்டும் காட்டச் சொல்லும் வசதியும் கூகிளில் இருக்கிறது. கிளை முகாமையாளர் மாறினால் ஒரு கிளையின் குணமே மாறிவிடும், ஆகவே ஏழு வருடத்துக்கு முந்திய சண்டை உங்களுக்குப் பெரிதாக உதவாது.

தமிழில் மட்டும் தேடி நிறுத்தவேண்டாம். எங்கள் பிள்ளைகள் பாதித் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள், அப்படியும் போட்டுப் பாருங்கள். அப்புறம் சிங்களம். இதைத்தான் எங்கள் ஆட்கள் அநேகமாகச் செய்வதில்லை. இந்தக் கொம்பனிகளுக்கு அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் கிளை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கடன் எடுப்பவரும் உங்களைப் போல நெல்லை நம்பித் தவணை கட்டுகிற கமக்காரர்தான். கொழும்பில் கார் எடுத்தவர் சொல்வதைவிட அவர் சொல்வது உங்களுக்குப் பொருந்தும். சிங்களத்தில் மோசடியை வஞ்சாவ என்பார்கள், எங்கள் வஞ்சனைதான். மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழில் போட்டால் சிங்கள எழுத்தில் தரும். அதை அப்படியே எடுத்து ஒட்டித் தேடுங்கள், வருகிற கருத்துகளையும் அதே செயலியில் போட்டு வாசிக்கலாம்.

கூகிள் மப்பில் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக நட்சத்திரம் இருக்கும். மொத்தப் புள்ளியைப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். குறைந்த புள்ளி முதலில் வரும்படி வரிசையை மாற்றி வாசியுங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவரின் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கே கருத்து எழுதினார் என்று தெரியும். ஒரே கிழமையில் பத்துப் பேர் "நல்ல சேவை" என்று இரண்டு சொல்லோடு வந்து போயிருந்தால், அதில் அந்தக் கிளையில் வேலை செய்பவர்களும் இருக்கலாம். பேஸ்புக்கில் இருப்பதெல்லாம் கூகிளுக்கு அகப்படாது, அங்கே உள்ளே போய்த்தான் தேடவேண்டும். கொம்பனி போட்ட புதுவருட வாழ்த்துக்குக் கீழேதான் பலர் வந்து கொட்டித் தீர்ப்பார்கள். அங்கே முதலில் காட்டுவது தெரிந்தெடுத்த சில கருத்துகளை மட்டுந்தான். "எல்லாக் கருத்துகளும்" என்று மாற்றினால் மிச்சமும் வரும்.

இனி வாசிக்கும் விதம். போன கிழமை மாங்குளத்திலிருந்து ஒருவர் சப்பாத்துப் பெட்டி நிறையப் பற்றுச்சீட்டோடு என்னிடம் வந்தார். எல்லாவற்றையும் மேசையில் மாத வாரியாக அடுக்கினோம். ஒரு மாதம் மட்டும் இல்லை. அந்த மாதக் காசை வீட்டுக்கு வந்த அலுவலரின் கையில் கொடுத்திருக்கிறார், துண்டு வாங்கவில்லை. அந்த ஒரு தவணைக்கு ஏறிய தண்டவட்டிதான் இன்று அவருடைய புத்தகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பிறகு இருவரும் இருந்து அதே கொம்பனியைத் தேடினோம். வேறு மூன்று ஊர்களிலிருந்து மூன்று பேர் இதே கதையை, மாதமும் தொகையும் போட்டு எழுதியிருந்தார்கள். மூன்றும் அவர் கையெழுத்து வைக்க முன்னமே எழுதியவை. எனக்கு மனது சரியில்லாமல் போய்விட்டது.

நான் தேடச் சொல்வது இப்படிப்பட்டதைத்தான்: வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கிளைகள், ஒரே குறை. திகதி, தொகை, எந்தக் கிளை என்று சொல்கிற முறைப்பாட்டுக்கு நான் நிறை அதிகம் கொடுப்பேன். வெறுமனே "கள்ளர்" என்று எழுதியவர் எட்டு மாதம் கட்டாதவராகவும் இருக்கலாம். வரிசையில் நிற்க வைத்தார்கள், போன் எடுக்கவில்லை என்பதையெல்லாம் விட்டுவிடலாம். அறிவித்தல் இல்லாமல் வாகனத்தை எடுத்தது, கட்டிய காசு கணக்கில் ஏறாதது, முடித்த பிறகும் உரிமையை மாற்றித் தராதது, முந்திக் கட்டி முடிக்கப் போனால் சொல்லாத கட்டணம் கேட்பது, இவை நாலும் உங்கள் வயலைத் தொடுகிற குறைகள். கொம்பனி என்ன பதில் எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே வசனத்தில் "உங்கள் இலக்கத்தை இன்பொக்ஸில் அனுப்புங்கள்" என்று இருந்தால் அதைப் பதிலாக எடுக்காதீர்கள். பெரிய கொம்பனிக்கு முறைப்பாடும் கூடத்தான் வரும், எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

இந்த வழி லீசிங் எடுப்பவருக்குத்தான். காசை வைப்பில் போடப் போகிற யாராவது இதை வாசித்தால், முறைப்பாடு இல்லை என்பதை நம்பிக் காசைக் கொடுக்கவேண்டாம். புதிதாக வருகிறவரின் காசை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கிற திட்டத்தில், விழுகிற நாள்வரை யாருக்கும் குறை இருக்காது. 2023 ஆகஸ்டில் விழுந்த எம்ரிஎப்ஈ (MTFE) என்ற அப்படிப்பட்ட முதலீட்டுச் செயலியில் காசு போட்டவர்கள் எங்கள் நாட்டிலும் இருந்தார்கள். வைப்பில் போட முன்னம் பார்க்கவேண்டியது மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலைத்தான். அனுமதி பெற்ற இடத்திலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான்.

நீங்களும் மத்திய வங்கியின் இணையத்தளத்துக்குப் போய் இரண்டு பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன தேடலே தேவையில்லை, அந்தக் கொம்பனியை விட்டுவிடுங்கள்.

இருந்தால், தேடிக் கண்ட குறைகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு இரண்டு கிளைக்கும் போங்கள். எத்தனை தவணை பிந்தினால் எடுப்பீர்கள், எடுக்க முன்னம் கடிதம் வருமா, மாசி பங்குனியில் நெல் விற்றுச் சேர்த்துக் கட்டலாமா, கடைசித் தவணை கட்டி எத்தனை நாளில் புத்தகம் கைக்கு வரும் என்று கேளுங்கள். பதில் ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தமிழ்ப் பிரதி கேளுங்கள். அன்றைக்கே கையெழுத்து வைக்கவேண்டாம். பிறகு பிரச்சினை வந்து கிளையிலும் தலைமை அலுவலகத்திலும் தீராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

இரண்டு ஒப்பந்தத்தையும் படம் எடுத்து அனுப்பிவையுங்கள் தங்கச்சி. தண்டவட்டிப் பகுதியை நான் வாசித்துச் சொல்கிறேன்.