யூனிவர்சல் கார்பைன்: ஒரு குண்டோடு நின்றுவிடுகிறது என்றால்

மாமனார் விட்டுச்சென்ற யூனிவர்சல் எம்1 கார்பைன் (அமெரிக்க ராணுவத்தின் எம்1 கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியைப் பார்த்து யூனிவர்சல் நிறுவனம் செய்தது) ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றவில்லை, ராணுவ உதிரிபாகம் வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுங்கள். முதலில் தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

பிறகு ரீகாயில் ஸ்பிரிங்கை, அதாவது பின்னால் போன ஸ்லைடை முன்னே தள்ளும் சுருளை, எண்ணுங்கள். ஒன்று இருந்தால் பழைய மாடல். ராணுவப் பாகங்கள் பெரும்பாலும் பொருந்தும். இரண்டு இருந்தால் ஃப்ளோரிடாவில் பிற்காலத்தில் செய்தது. வெளித்தோற்றம் 1941-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற துப்பாக்கிதான், உள்ளே வேறு. அதன் ஸ்லைடுக்கும் (போல்ட்டை இயக்கும் பாகம்) ஸ்பிரிங்குக்கும் ராணுவப் பாகம் மாற்றாகாது. அந்த ஸ்லைடு, சேம்பரை மூடும் போல்ட்டைப் பிடிக்கும் இடத்தில் விரிசலோ தேய்மானமோ தெரிந்தால் சுடவே வேண்டாம். போல்ட் முழுதாகப் பூட்டாமலே வெடித்தால் முகத்துக்குத்தான் ஆபத்து.

எல்லாம் சரியாக இருந்தால், நல்ல 15 தோட்டா மேகசின் ஒன்றை மாற்றிப் பாருங்கள். பாதிக் கோளாறு மேகசினில்தான் இருக்கும். அடுத்த சந்தேகம் கரி பிடித்து இறுகிய கேஸ் பிஸ்டன், அதாவது வெடித்த வாயுவின் வேகத்தில் ஸ்லைடைப் பின்னால் தள்ளும் சிறு பாகம். ஸ்லைடைக் கழற்றிக் குழலை மேலும் கீழும் சாய்த்தால் பிஸ்டன் தானாக நகர வேண்டும். அதன் நட்டுக்குத் தனிச் சாவி உண்டு, தயவுசெய்து குறடு போடாதீர்கள். ஹெட்ஸ்பேஸை (போல்ட் முகப்புக்கும் சேம்பரில் தோட்டா தாங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) மட்டும் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் அளவுகோலான கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.